எதைப் பார்த்துப் போவது?

உங்களிடம் ஒரு சின்னக் கேள்வி. பைக் ஓட்டுகிறவர் என்றால் நீங்களே பதில் சொல்லுங்கள். ஓட்டாதவர் என்றால் வீட்டில் ஓட்டுகிறவரைக் கூப்பிட்டுக் கேளுங்கள். ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருக்கிறீர்கள். சாலை இடது பக்கம் வளைகிறது. ஹேண்டில்பாரை முதலில் எந்தப் பக்கம் திருப்புவீர்கள்?

'இதென்ன கேள்வி, இடது பக்கம்தான்' என்று சொல்லியிருந்தால், தப்பு. அந்த வேகத்தில் வண்டி இடது பக்கம் சாய வேண்டுமென்றால் ஹேண்டில்பார் ஒரு கணம் வலது பக்கம் திரும்ப வேண்டும். அதாவது, இடது கைப்பிடியை லேசாக முன்னால் தள்ள வேண்டும். முன் சக்கரம் வலப்பக்கம் விலகுகிறது, வண்டி இடப்பக்கம் சாய்கிறது, சாய்ந்த வண்டி வளைகிறது. இதற்கு 'கவுன்ட்டர் ஸ்டியரிங்' என்று பெயர். இது ரேஸ்காரர்களின் ரகசியம் ஒன்றும் இல்லை. தினமும் ஆபீஸ் போகும்போது நீங்களும் இதைத்தான் செய்கிறீர்கள். செய்வது உங்களுக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

வெட்கப்பட வேண்டாம். விமானம் பறக்கவிட்ட ரைட் சகோதரர்களில் மூத்தவர் வில்பர், அடிப்படையில் சைக்கிள் கடைக்காரர். எப்படித் திரும்புகிறீர்கள் என்று டஜன் கணக்கில் சைக்கிள் ஓட்டிகளைக் கேட்டுப் பார்த்தாராம். முழுசாகச் சரியாகச் சொன்னவர் ஒருவர்கூட இல்லை. நூறு வருஷத்துக்கு மேலாகியும் நிலைமை மாறவில்லை. கைக்குத் தெரிந்தது மூளைக்குத் தெரியாது.

தெரியாவிட்டால் என்ன குடிமுழுகிவிடும் என்கிறீர்களா? சாதாரண நாளில் ஒன்றும் ஆகாது. பயம் வரும் அந்த ஒரு விநாடியில்தான் விஷயமே இருக்கிறது. அதைப் பற்றி எழுதப்பட்ட ஒரு புகழ்பெற்ற புத்தகத்தைத்தான் இந்த வாரம் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கீத் கோட் என்கிற அமெரிக்கர் எழுதியது. 'எ ட்விஸ்ட் ஆஃப் த ரிஸ்ட்'. முதல் பாகம் 1983, இரண்டாம் பாகம் 1993. மணிக்கட்டின் ஒரு திருகல் என்று அர்த்தம். ஆக்ஸிலரேட்டரைத் திருகும் மணிக்கட்டு. ஆசாமி 1980ல் கலிஃபோர்னியா சூப்பர்பைக் ஸ்கூல் என்று ஒரு பள்ளிக்கூடம் ஆரம்பித்தவர். வளைவில் வண்டி ஓட்டுவதை மட்டும் சொல்லித்தரும் பள்ளிக்கூடம். 2010ல் நம் சென்னைக்குப் பக்கத்தில், இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்குக்கும் அது வந்தது. உலகம் முழுக்க பைக் பைத்தியங்கள் இந்தப் புத்தகத்தை பைபிள் என்கிறார்கள். நான் இதைப் பாகலூரிலிருந்து படித்துப் பார்க்கப்போகிறேன்.

ஏன் பாகலூர்? பெங்களூர் விமான நிலையத்துப் பக்கம் ஒரு பாகலூர் இருக்கிறது, அது இல்லை. இது நம் பாகலூர். ஓசூரிலிருந்து வடக்கே, மாலூர் போகிற சாலையில், பத்து கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே. இன்னும் கொஞ்சம் போனால் கர்நாடகா. தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் ஒரே டீக்கடையில் புழங்கும் ஊர். ஒரு பக்கம் ரோஜாப்பூப் பண்ணை, காய்கறி. இன்னொரு பக்கம் ஓசூர் ஃபேக்டரிகளுக்கு ஷிஃப்ட் போகிறவர்கள்.

அந்த ஓசூர் லேசுப்பட்ட ஊர் இல்லை. டி.வி.எஸ். 50 மொபெட் 1980ல் அங்கிருந்துதான் புறப்பட்டது. அப்பாச்சி அங்கே பிறந்தது. 2007ல் அதன் பெயருக்குப் பின்னால் ஆர்.டி.ஆர். என்று மூன்றெழுத்து சேர்ந்தது. 'ரேஸிங் த்ராட்டில் ரெஸ்பான்ஸ்' என்பதன் சுருக்கம். ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ. 310 பைக்குகள் செய்யப்படுவதும் ஓசூரில்தான். ஏத்தர் எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் ஓசூரிலிருந்து வருகிறது, ஓலா அதே மாவட்டத்துப் போச்சம்பள்ளியிலிருந்து. உலகத்துக்கே வண்டி செய்து அனுப்புகிற மாவட்டம். அந்த வண்டியில் வளைவில் எப்படித் திரும்புவது என்று அந்த மாவட்டத்துச் சாலையில் தினமும் போய்வருகிறவருக்கு யாராவது சொல்லிக்கொடுத்தார்களா? புத்தகத்தை இங்கிருந்து படிக்க இதுதான் காரணம்.

முதலில் பாராட்டு. எனக்கு முதல் பாகத்தில் மிகவும் பிடித்தது ஒரு கணக்கு. நான் பி.காம். படித்தவன், கணக்கு என்றால் கண் தானாகப் போய்விடும். கோட் சொல்கிறார்: உங்கள் கவனம் என்பது பத்து டாலர் நோட்டு மாதிரி. அவ்வளவுதான் கையிருப்பு, கடன் கிடையாது. புதிதாக ஓட்டும்போது கிளட்ச்சுக்கே அதில் பெரும்பகுதி போய்விடும். பழகப் பழக அதன் விலை குறைந்து சில்லறைக் காசாகிவிடும். மிச்சப்படும் பணத்தைச் சாலைக்குச் செலவழிக்கலாம். திடீரென்று பயம் வந்தால்? பத்து டாலரையும் பயமே பிடுங்கிக்கொள்ளும். வளைவுக்குக் கொடுக்கக் கையில் ஒன்றும் இருக்காது.

இதைவிட எளிமையாகக் கவனத்தை யாரும் விளக்கி நான் படித்ததில்லை. பட்ஜெட் போட்டுக் குடும்பம் நடத்துகிற எந்த இல்லத்தரசிக்கும் ஒரே நிமிஷத்தில் புரியும்.

இரண்டாம் பாகத்தில் மனுஷர் அந்தப் பயத்தையே பிரித்துப் போட்டுவிடுகிறார். வளைவில் விழுகிறவன் தைரியம் இல்லாமல் விழுவதில்லை என்கிறார். உயிரைக் காப்பாற்ற உடம்பு தானாக எடுக்கும் நடவடிக்கைகளே அவனைக் கவிழ்க்கின்றன. வேகம் அதிகம் என்று தோன்றியதுமே ஆக்ஸிலரேட்டரைப் பட்டென்று மூடுவோம். கை இரும்புக் கம்பியாக இறுகும். கண் ஒரு புள்ளியில் போய் ஒட்டிக்கொள்ளும். பெரும்பாலும் அது நாம் மோதக்கூடாத மைல்கல்லோ புளியமரமோதான். கண் போன இடத்துக்கே வண்டியும் போகும். கடைசியாக முன் பிரேக்கைக் கொத்தாகப் பிடிப்போம். அவ்வளவுதான். சாய்ந்திருந்த வண்டி நிமிர்ந்து நேராக ஓடும், அல்லது முன் டயர் வழுக்கும்.

கவனியுங்கள். இதில் ஒவ்வொன்றும் நியாயமான காரியம். ஓடும்போது தடுக்கினால் கையை ஊன்றுவது போல இயற்கையானது. இயற்கை பைக்கைக் கணக்கில் வைத்து நம்மைப் படைக்கவில்லை என்பதுதான் சிக்கல். 'பெண்டுல சும்மா சாய்ச்சுப் போடா, தில்லு வேணும்டா' என்று அட்வைஸ் செய்கிற நண்பர்களுக்கு இந்த ஒரு அத்தியாயத்தைப் படித்துக் காட்டலாம். தில்லு அல்ல, பழக்கம்தான் வேண்டும்.

கோட் சொல்வது வெறும் கருத்து இல்லை. அவர் இரண்டாம் பாகம் எழுதுவதற்குப் பன்னிரண்டு வருஷம் முன்னாலேயே, 1981ல், ஹாரி ஹர்ட் என்கிற ஆய்வாளரின் அறிக்கை வந்துவிட்டது. லாஸ் ஏஞ்சல்ஸ் வட்டாரத்தில் 900 பைக் விபத்துகளை நடந்த இடத்துக்கே போய் ஆராய்ந்தார்கள். வேறு வண்டி சம்பந்தப்படாத விபத்துகளில் மூன்றில் இரண்டு பங்குக்கு ஓட்டியவரின் பிழையே காரணம். என்ன பிழை? பிரேக்கை அதிகமாகப் பிடித்துச் சறுக்கியது, வேகம் அதிகமாகி வளைவில் வெளியே ஓடியது. ஹேண்டில்பாரைத் தள்ளி விலகிப்போகும் திறமை அவர்களிடம் ஏறக்குறைய இல்லவே இல்லை. விபத்தில் சிக்கியவர்களில் 92 சதவீதம் பேர் தானே கற்றவர்கள் அல்லது அண்ணனிடமோ நண்பனிடமோ கற்றவர்கள்.

நம் ஊரில் கணக்கெடுத்தால் 92ல் நிற்குமா? அந்த அண்ணனுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்?

வேகத்தின் கணக்கையும் ஒருமுறை பார்த்துவிடலாம். முப்பது மீட்டர் ஆரம் உள்ள ஒரு வளைவு. நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் போனால் வண்டி சுமார் 23 டிகிரி சாய வேண்டும். சுகமான சாய்வு. அதே வளைவில் அறுபது? 43 டிகிரி! சாதாரண நூறு சி.சி. வண்டியில் அதற்கு முன்பே ஃபுட்ரெஸ்ட் தார் ரோட்டை உரசத் தொடங்கிவிடும். வேகம் ஒன்றரை மடங்குதான் கூடியது, வளைவு கேட்கும் விலையோ இரண்டேகால் மடங்கு. கூட்டு வட்டி தோற்றது போங்கள்.

அதனால் கோட் சொல்லும் வரிசை அருமை. வேகத்தை வளைவுக்கு முன்னாலேயே குறை. பார். ஒரே தடவையில், தயக்கமில்லாமல் திருப்பு. திருப்பியதும் ஆக்ஸிலரேட்டரை மெல்ல மெல்லத் திறந்துகொண்டே வெளியே வா. அப்படித் திறக்கும்போது எடை முன் சக்கரத்திலிருந்து பின்னால் நகர்ந்து, முன்னால் நாற்பது, பின்னால் அறுபது என்று உட்காருகிறது. வண்டிக்கு அதுதான் நிம்மதி. இந்த வரை புத்தகத்தோடு எனக்குச் சண்டையே இல்லை.

சண்டை எங்கே என்றால், பாகலூர் ரோட்டில்.

கோட் மனதில் இருப்பது ரேஸ் டிராக். அங்கே எல்லா வண்டியும் ஒரே திசையில் போகும். போன சுற்றில் பார்த்த அதே வளைவு இந்தச் சுற்றிலும் அங்கேயே இருக்கும். நம் பக்கத்துச் சாலையில் நேற்று இருந்த வளைவு இன்று இருக்காது. டிப்பர் லாரி சிந்திய எம்-சாண்ட் இருக்கும். மழை அரித்த பள்ளம் இருக்கும். வெள்ளைக்கோடு போடாத ஸ்பீடு பிரேக்கர் ராத்திரியோடு ராத்திரியாக முளைத்திருக்கும். காலையில் மாடு, சாயங்காலம் தக்காளி டெம்போ, இரவு ஷிஃப்ட் முடிந்து வரும்போது எதிரே ஹைபீம். கோட் கொடுத்த பத்து டாலரில் ஆறு டாலரைச் சாலையே வாசலில் நின்று வசூல் செய்துவிடுகிறது. மிச்சம் நாலு டாலருக்குள் எப்படித் திரும்புவது என்று புத்தகம் சொல்லவில்லை.

இதைவிட ஆபத்தானது, 'வெளியே - உள்ளே - வெளியே' என்கிற ரேஸிங் லைன். வளைவுக்குள் வெளி ஓரத்தில் நுழைந்து, நடுவில் உள் ஓரத்தைத் தொட்டு, மறுபடி வெளி ஓரத்துக்குப் போவது. டிராக்கில் அழகு. இடது பக்கம் போகிற நம் ஊரில் வலது வளைவின் உள் ஓரம் எது? சாலையின் நடுக்கோடு. சக்கரம் கோட்டுக்கு இந்தப் பக்கம் இருந்தாலும், சாய்ந்திருக்கும் உங்கள் தலை கோட்டுக்கு அந்தப் பக்கம் எதிரே வரும் பஸ்ஸுக்குச் சொந்தமான இடத்தில் இருக்கும். இடது வளைவிலோ உள் ஓரம் என்பது மணல் சேரும் ஓரம். அதைத் தொட்டுவிட்டு வெளியே விரிந்தால் மறுபடி எதிர் வரிசை. ஏற்காட்டின் இருபது கொண்டை ஊசி வளைவிலும், கொல்லிமலையின் எழுபதிலும் ஞாயிற்றுக்கிழமை வீரர்கள் முழங்காலை நீட்டிக்கொண்டு போகும்போது எனக்கு இதுதான் ஞாபகம் வரும். அவர்கள் புத்தகத்தின் படங்களைப் பார்த்திருக்கிறார்கள். பயத்தைப் பற்றிய அத்தியாயத்தைப் படிக்கவில்லை.

இன்னொரு குறை. கோட்டின் ஓட்டி தனியாள். லெதர் சூட் போட்டவர். நம் ஆள் என்றைக்குத் தனியாகப் போயிருக்கிறார்? பின்னால் மனைவி, நடுவில் குழந்தை, டேங்க்கில் இன்னொரு குழந்தை, பக்கவாட்டில் மளிகைப் பை. பின்பக்கம் எடை ஏறினால் சஸ்பென்ஷன் அமுங்கும், ஃபுட்ரெஸ்ட் சீக்கிரமே தரை தட்டும். முன் சக்கரத்தின் பாரம் குறையும், ஹெட்லைட் வானத்தைப் பார்க்கும். அதே வளைவு, அதே வண்டி, வேறு கணக்கு. இதற்கு ஒரு பக்கம் ஒதுக்கியிருந்தால் ஆசியா முழுவதும் அவரைக் கும்பிட்டிருக்கும்.

'அமெரிக்கக்காரர் பாகலூருக்காகவா எழுதுவார்' என்று நீங்கள் கேட்கலாம். நியாயம். ஆனால் அமெரிக்காவிலேயே அவரோடு முரண்படுகிறவர்கள் இருக்கிறார்கள். நிக் ஐனாட்ஷ் என்பவர் 2003ல் 'ஸ்போர்ட் ரைடிங் டெக்னிக்ஸ்' என்று எழுதினார். திருப்பிய பிறகும் முன் பிரேக்கை மெல்லிசாகப் பிடித்தபடி, கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொண்டே உள்ளே போ என்பது அவர் கட்சி. வளைவு எதிர்பார்த்ததைவிட இறுகினால் வேகத்தை இன்னும் குறைக்க வழி கையிலேயே இருக்கும். தெரியாத சாலைக்கு இவர் பேச்சுதான் எடுபடுகிறது. ஆனால் விரல் நுனியில் அந்த மென்மை வேண்டும். மேலே சொன்ன கொத்துப்பிடி ஆசாமிகளுக்கு இது இரண்டாம் வகுப்புப் பாடம்.

என்னைக் கேட்டால், பாகலூருக்குச் சரியான புத்தகம் பிரிட்டனில் இருக்கிறது. அங்கே போலீஸ்காரர்களுக்கு ஓட்டக் கற்றுக்கொடுக்க 'ரோட்கிராஃப்ட்' என்று ஒரு கையேடு. 1955ல் வந்தது. பைக்குக்கென்று தனியாக 'மோட்டார்சைக்கிள் ரோட்கிராஃப்ட்'டும் உண்டு. நம்மை மாதிரியே இடது பக்கம் ஓட்டுகிறவர்கள். நம்மை மாதிரியே எதிரே வண்டி வரும் சாலை. கோட்டின் சுவாரஸ்யத்தில் கால்வாசிகூட இருக்காது. சர்க்குலர் படிப்பது போல இருக்கும். ஆனால் அதில் ஒரு தங்கம் இருக்கிறது.

வளைவைப் பாருங்கள். சாலையின் இரண்டு ஓரங்களும் தூரத்தில் ஓரிடத்தில் சேர்ந்துவிட்டதுபோல் தெரியும். அதற்கு அப்பால் சாலை தெரியாது. அந்தப் புள்ளியை மட்டும் கவனி என்கிறது கையேடு. நீங்கள் போகப்போக அது உங்களை விட்டு விலகி ஓடினால் வளைவு விரிகிறது, கவலையில்லை. உங்கள் வேகத்திலேயே அதுவும் நகர்ந்தால் வேகம் சரி. உங்களை நோக்கி நெருங்கி வந்தால் வளைவு இறுகுகிறது, உடனே குறை. கண்ணுக்குத் தெரிகிற தூரத்துக்குள் நிறுத்த முடியாத வேகத்தில் எப்போதும் போகாதே. அவ்வளவுதான் சட்டம்.

இதற்கும் கணக்கு உண்டு. ஆபத்தைப் பார்த்து பிரேக் பிடிக்க ஒரு விநாடி, காய்ந்த ரோட்டில் நல்ல பிரேக் என்று வைத்துக்கொண்டால், நாற்பதில் நிற்க சுமார் 23 மீட்டர் வேண்டும். அறுபதில் சுமார் 45. ஏரிக்கரை வளைவில் முப்பது மீட்டர்தான் தெரிகிறதென்றால், அறுபதில் போகிறவர் தெரியாத பதினைந்து மீட்டரை சாமி மேல் பாரத்தைப் போட்டு ஓட்டுகிறார். அந்தப் பதினைந்து மீட்டரில் மாடு படுத்திருக்கலாம்.

ஆக, என் தீர்ப்பு இது. உடம்பைப் புரிந்துகொள்ள கோட்டைப் படியுங்கள். சாலையைப் படிக்க போலீஸ் கையேட்டைப் படியுங்கள். கோட்டிடமிருந்து பயத்தின் பாடத்தை எடுத்துக்கொண்டு, ரேஸிங் லைனை அவரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

சரி, நம் அரசாங்கத்தின் பாடம் என்ன? எட்டு. லைசென்ஸ் எடுக்கப் போனால் தரையில் எட்டுப் போடச் சொல்வார்கள். கால் ஊன்றக்கூடாது. வளைவு பற்றி ஒரு தமிழன் வாழ்க்கையில் எழுதும் ஒரே பரீட்சை அதுதான். அதையும் ஒரு பிரதியாக விமர்சித்துப் பார்க்கலாமே! எட்டை நடை வேகத்தில் போடுகிறோம். நடை வேகத்தில் இடது பக்கம் போக, ஹேண்டிலை இடது பக்கமே திருப்ப வேண்டும். முதல் கேள்விக்கு நீங்கள் தப்பாகச் சொன்ன பதில் எங்கிருந்து வந்தது என்று இப்போது புரிகிறதா? பேலன்ஸ் சோதிக்க எட்டு நல்ல பரீட்சைதான். ஆனால் ஐம்பதில் உயிர் காக்கும் பாடத்துக்கு நேர் எதிரான பாடத்தைக் காட்டி, 'பாஸ்' என்று கையெழுத்துப் போட்டு சாலைக்கு அனுப்புகிறோம்.

2022ல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் 74,897 பேர் டூ வீலரில் போனவர்கள். இது மத்திய அரசின் கணக்கு. எல்லோரும் வளைவில் விழுந்தவர்கள் இல்லைதான். லாரி இடித்தது, ஹெல்மெட் இல்லாதது, குடித்தது எல்லாம் சேர்ந்தது. ஆனால் சொல்லிக்கொடுத்திருந்தால் வீட்டுக்கு வந்திருக்கக்கூடியவர்கள் அதில் இருக்கிறார்கள் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. 2019 ஏப்ரலிலிருந்து 125 சி.சி.க்கு மேற்பட்ட புது வண்டிகளுக்கு ஏ.பி.எஸ். கட்டாயம் என்று சட்டம் வந்தது. இயந்திரத்துக்குப் பாடம் எடுத்தாயிற்று. மனுஷனுக்கு?

வண்டியோடு கொடுக்கிற கையேடுகளில் மைலேஜ் கூட்டும் வழி பார்த்திருக்கிறேன், செயினுக்கு எண்ணெய் விடும் முறை பார்த்திருக்கிறேன். வளைவில் திரும்புவது எப்படி என்று தமிழில் நாலே பக்கம், படத்தோடு, எந்தக் கையேட்டிலும் நான் பார்த்ததில்லை. அச்சுக்கூலி என்ன ஆகிவிடும்? ஃபுட்ரெஸ்ட் ரப்பர் விலைகூட ஆகாது.

அது வரும்வரை நீங்களே செய்யக்கூடியது ஒன்று. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆள் நடமாட்டம் இல்லாத ஒரு பெரிய மைதானத்துக்குப் போங்கள். ஹெல்மெட் போட்டுக்கொள்ளுங்கள். முப்பதில் போய்க்கொண்டே இடது கைப்பிடியை விரல் கனத்துக்கு முன்னால் தள்ளுங்கள். வண்டி இடப்பக்கம் சாயும். அப்புறம் வலது. தோளைத் தளர விடுங்கள், பார்வையைத் தூரத்தில் வையுங்கள். பத்துத் தடவை செய்தால் கைக்குத் தெரிந்தது மூளைக்கும் தெரிந்துவிடும். அப்புறம் அந்தப் பயமான விநாடியில் செலவழிக்கக் கையில் கொஞ்சம் காசு இருக்கும்.

கிளம்பும்போது வீட்டில் 'பாத்துப் போப்பா' என்பார்கள். நாமும் 'ம்' என்று உதைத்துக் கிளப்பிவிடுவோம். கோட் இரண்டு பாகத்திலும், பிரிட்டிஷ் போலீஸ் அத்தனை பக்கத்திலும் சொல்வதன் சுருக்கம் அந்த இரண்டு வார்த்தைதான். எதைப் பார்த்து என்பதை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள்: மோதக்கூடாத மரத்தை அல்ல, போக வேண்டிய சாலையை.